நல்லதண்ணியும் டல்ஹவுசியும்

பிறந்த குழந்தைக்குப் பெயரிடுதலை எல்லாச் சமுதாயத்தாரும் ஒரு மங்கல வினையாகவே கொள்கின்றனர். தமிழர் இல்லங்களில் குலதெய்வத்தின் பெயரோ, பாட்டன் பாட்டியரின் பெயரோ குழந்தையின் காதில் மும்முறை ஓதப்படுகிறது. பாட்டனின் பெயரைத் தாங்குபவன் என்பதனால் அன்றோ 'பெயரன்' என்னும் சொல் தோன்றிப் பின்னர் 'பேரன்' என மருவியது? ஸ்கொட்லாந்து நாட்டில் மற்றொரு வழக்கமும் உண்டு. அங்கே ஊரின் பெயர் முதலில் அவ்வூருக்குரிய குடும்பத்தின் பெயராகும்; காலப்போக்கில் அதுவே குழந்தைக்கு இடும் பெயராகவும் ஆகிவிடும். லெஸ்லி என்பது அபர்டீன்ஷயர் பகுதியில் உள்ள ஓர் இடம். டக்ளஸ் என்பது லனார்க்ஷயரில் உள்ள ஓர் ஊர். அச்சொல்லுக்குக் 'கருநீர்' என்பது பொருள். இத்தகைய பெயர்கள் ஆங்கில ஆட்சியின் வழியே இலங்கையையும் வந்தடைந்தன. 1935 ஆம் ஆண்டில் லங்கா சமசமாஜக் கட்சியைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரான லெஸ்லி குணவர்தனவின் பெயர் இதற்குச் சான்றாகும்.

ஆயினும், ஸ்கொட்லாந்தின் ஊர்ப் பெயர்கள் இலங்கையில் மனிதருக்குச் சூட்டப்பட்டதைவிட மலைகளுக்குச் சூட்டப்பட்டதே மிகுதி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மத்திய மலைநாட்டின் பெருங்காடுகள் அழிக்கப்பட்டுக் கோப்பித் தோட்டங்கள் எழுந்தன. அவற்றைத் திறந்த துரைமாருள் ஸ்கொட்லாந்தர் பலர். அவர்களிலும் அந்நாட்டின் வடகிழக்குப் பகுதியிலிருந்து வந்தோர் கணிசமானவர். கின்கார்டின்ஷயரில் பிறந்த ஜேம்ஸ் டெய்லர் 1852 ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்து, 1867 ஆம் ஆண்டில் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கர் நிலத்தில் தேயிலை பயிரிட்டார். 1869 ஆம் ஆண்டில் தோன்றிய இலைநோய் கோப்பியைப் படிப்படியாக அழித்தொழிக்க, அந்த இடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது. 1884 ஆம் ஆண்டில் புகைவண்டிப் பாதை ஹட்டனை எட்டியது. ஹட்டன் என்னும் அந்நகரின் பெயரே அபர்டீன்ஷயரில் உள்ள ஒரு சிற்றூரின் பெயர்தான் என்பர்.

ஹட்டனிலிருந்து மஸ்கெலியாவை நோக்கிச் செல்லும் ஒருவர் ஸ்கொட்லாந்தின் நிலப்படத்தில் நடப்பவர் போலாகிறார். மறே, காட்மோர், கிளன்டில்ட், டீசைட், ஸ்ட்ராத்ஸ்பே, டன்கெல்ட் என்று தோட்டங்களின் பெயர்கள் அடுத்தடுத்து வருகின்றன. மறே என்பது ஸ்கொட்லாந்தின் வடகிழக்கே கடலோரமாக அமைந்த ஒரு பிரதேசம். காட்மோர் ஸ்டேர்லிங் நகருக்கு அப்பால் உள்ள ஒரு கிராமம். 'கிளன்' என்றால் மலையிடுக்குப் பள்ளத்தாக்கு. 'ஸ்ட்ராத்' என்றால் அகன்ற ஆற்றுப் பள்ளத்தாக்கு. டில்ட், ஸ்பே, டீ என்பன ஆறுகளின் பெயர்கள். இங்கே டீ என்பது பானத்தைக் குறிப்பதன்று. அபர்டீன் நகரருகே கடலில் கலக்கும் ஓர் ஆற்றையே குறிக்கும். தேயிலைத் தோட்டம் ஒன்றுக்கு டீசைட் என்ற பெயர் வாய்த்தது ஒரு விந்தையான பொருத்தமே.

இப்பெயர்கள் ஏன் இடப்பட்டன? பிறந்த மண்ணைவிட்டுப் பல்லாயிரம் மைல் தொலைவில், மழையிலும் மூடுபனியிலும் தனித்திருந்த இளைஞன் ஒருவன், தன் கண்முன் எழுந்த மலைச்சரிவில் தன் ஊரின் சாயலைக் கண்டிருத்தல் இயல்பே. ஆனால், அது ஏக்கம் மட்டும் அன்று. நில அளவையாளரின் படத்திலும், காணி உறுதியிலும், இலண்டனில் ஏலம் போகும் தேயிலைப் பெட்டியின் பக்கத்திலும் எழுதுவதற்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. பெயரிடும் உரிமை உடைமையின் அடையாளம். தந்தை குழந்தைக்குப் பெயரிடுவதைப் போலத் துரை தோட்டத்திற்குப் பெயரிட்டான்.

அதே மலைச்சரிவில் வேறொரு மக்கட் கூட்டமும் தன் ஊரைவிட்டு வந்து நின்றது. திருச்சி, மதுரை, சேலம், புதுக்கோட்டை முதலிய பகுதிகளிலிருந்து கங்காணிமாரின் பின்னே கடல் கடந்து வந்த தமிழர் அவர்கள். காட்டை வெட்டியதும், கல்லைப் புரட்டியதும், கான் வெட்டியதும், கன்று நட்டதும் அவர்கள் கைகளே. அவர்களுக்கும் பிறந்த ஊரின் நினைவு இருந்தது. 'சீமையில் எந்த ஊர்?' என்னும் வினா லயங்களில் நெடுங்காலம் வழங்கியது. எனினும், தோட்டத்திற்குத் தம் ஊரின் பெயரை இட்டு அதனைத் தாளில் ஏற்றும் உரிமை அவர்களுக்கு இருக்கவில்லை. ஆகவே, அவர்கள் தாளில் அல்லாமல் நாவில் பெயரிட்டனர். புதிதாகத் திறந்த காடு புதுக்காடாயிற்று. தோட்டத்தைத் திறந்த துரையின் பெயரோ, ஆளைக் கொண்டுவந்த கங்காணியின் பெயரோ, அன்றி மரமும் மலையும் நீருமோ பெயருக்கு அடியாயின. இவ்வழக்கு எவ்வளவு வலுப்பெற்றிருந்தது எனில், பெர்குசன் நிறுவனத்தார் வெளியிட்டுவந்த இலங்கைக் கையேட்டில் தோட்டங்களின் ஆங்கிலப் பெயர்களோடு தொழிலாளரிடை வழங்கிய தமிழ்ப் பெயர்களும் பட்டியலாக இடம்பெற வேண்டியதாயிற்று. தோட்டத்தின் எழுத்துப் பெயரை மட்டும் அறிந்தவன் வழி கேட்டுப் போய்ச் சேர முடியாது என்பதே அதன் கருத்து.

இவ்விரு பெயரீட்டு மரபுகளும் நேருக்கு நேர் சந்திக்கும் இடம் நல்லதண்ணி. சிவனொளிபாத மலையின் அடிவாரத்தில், மஸ்கெலியாவுக்கு அப்பால் அமைந்த இவ்வூரை ஆங்கில நூல்களும் பயணக் கையேடுகளும் டல்ஹவுசி என்றே குறித்தன. டல்ஹவுசி என்பது எடின்பரோ நகருக்குத் தெற்கே உள்ள ஒரு பழங்கோட்டை. ராம்சே என்னும் பிரபுக் குடும்பத்தின் இருப்பிடமாக முன்னர் விளங்கியது. அக்குடும்பத்தைச் சேர்ந்த டல்ஹவுசிப் பிரபு 1848 முதல் 1856 வரை இந்தியாவின் தலைமை ஆளுநராக விளங்கினார். இமயமலைச் சாரலில் 1854 ஆம் ஆண்டில் அமைந்த டல்ஹவுசி நகரம் அவர் பெயரைத் தாங்கியது. கனடா நாட்டில் 1818 ஆம் ஆண்டில் அவர் தந்தையார் நிறுவிய கல்லூரி இன்று டல்ஹவுசிப் பல்கலைக்கழகமாக விளங்குகிறது. ஒரு சிற்றாற்றங்கரைக் கோட்டையின் பெயர் மூன்று கண்டங்களில் வேரூன்றியது பேரரசின் வலிமையைக் காட்டும்.

தமிழ்த் தொழிலாளர் வழங்கிய பெயரோ எந்தப் பிரபுவையும் நினைவூட்டுவதன்று. நல்ல தண்ணீர் உள்ள இடம் நல்லதண்ணி. சிவனொளிபாத மலைத்தொடரில் பிறக்கும் நீரே மஸ்கெலி ஓயாவாகிக் கெகல்கமு ஓயாவுடன் கூடிக் களனி கங்கையாகக் கொழும்பு வரை செல்கிறது. கிணற்று நீருக்கும் ஏரி நீருக்கும் ஏங்கிய வறண்ட நாட்டிலிருந்து வந்தவர்கள், மலையிலிருந்து தெளிந்து இறங்கும் நீரைக் கண்டு இட்ட பெயர் இது என்று எண்ண இடமுண்டு. ஸ்கொட்லாந்தின் டக்ளஸ் கருநீர் எனப் பொருள்படுவதையும் இங்கே ஒப்புநோக்கலாம். நீரைக் கண்டு ஊருக்குப் பெயரிடும் எளிய மாந்தரின் இயல்பு எந்நாட்டிலும் ஒன்றே.

மலைநாட்டில் 'பேர்' என்னும் சொல்லுக்கே தனிப் பொருள் ஒன்று உண்டு. ஒருநாள் வேலைக்குரிய கூலியே 'பேர்' எனப்பட்டது. கொழுந்தின் நிறை குறைந்தால் கணக்கப்பிள்ளை 'அரைப்பேர்' போட்டார். அதாவது அரைநாட் கூலியே கிடைத்தது. செக்ரோல் என்னும் வேலைப் பதிவேட்டில் பெயருக்கு நேரே விழும் குறியே அன்றைய உணவாயிற்று. பெயர் தாளில் சரியாக ஏறுவது எத்துணை இன்றியமையாதது என்பதை இம்மக்கள் அன்றாட வாழ்விலேயே அறிந்திருந்தனர்.

அதனினும் பெரிய பதிவேடு ஒன்று இருந்தது. அது பிறப்புப் பதிவேடு. தோட்டத்தில் பிறக்கும் குழந்தையின் பிறப்பைத் தோட்ட அதிகாரியே பதிவாளருக்கு அறிவிக்கும் முறை இருந்தது. லயத்தில் தாய் தந்தையர் மாரியம்மனையோ முருகனையோ நினைந்து இட்ட பெயர், எழுதுபவரின் காதுக்கு எட்டியவாறு எழுத்தேறியது. தந்தையின் பெயர் ஒரு தாளில் ஒருவிதமாகவும் மற்றொன்றில் வேறுவிதமாகவும் அமைவதுண்டு. ஆனால், பிறந்த இடத்திற்குரிய கட்டத்தில் மறே என்றோ, காட்மோர் என்றோ, டல்ஹவுசி என்றோ தோட்டத்தின் ஸ்கொட்லாந்துப் பெயர் பிழையின்றி எழுதப்பட்டது. இவ்வாறு, ஸ்கொட்லாந்தின் ஊர் ஒன்று தமிழ்க் குழந்தையின் பெயராகாமலே அதன் பெயருக்குப் பக்கத்தில் நிலையாக அமர்ந்துகொண்டது.

அந்த ஒரு வரியின் மதிப்பு சுதந்திரத்தின் பின்னரே முழுதும் விளங்கிற்று. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், ஒருவர் இலங்கையில் பிறந்திருத்தல் மட்டும் போதாது எனக் கூறியது. அவருடைய தந்தையும் இலங்கையில் பிறந்தவர் என்றோ, தந்தைவழிப் பாட்டனும் முப்பாட்டனும் இங்கே பிறந்தவர் என்றோ காட்டியாக வேண்டும். பாட்டன் பெயரைப் பேரனுக்கு இட்டு நினைவில் காத்துவந்த மக்களிடம், பாட்டன் பிறந்ததற்கான தாள் கேட்கப்பட்டது! 1949 ஆம் ஆண்டின் சட்டமோ தொடர்ச்சியான வதிவுக்குச் சான்று வேண்டியது. காட்டுவதற்குத் தாள் இன்றியும், தாளில் இருந்த பெயர் பொருந்தாமலும் எண்ணற்றோர் நாடற்றவராயினர். 1964 ஆம் ஆண்டு அக்டோபர் 30 ஆம் நாள் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை, இவர்களுள் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிய முடிவு 1974 ஆம் ஆண்டுவரை தள்ளிவைக்கப்பட்டது.

அதன் பின்னர் நிகழ்ந்தது வரலாற்றின் ஒரு துயர்மிகு முரண். தென்னிந்தியக் கிராமங்களின் வழித்தோன்றல்கள் தலைமன்னாரில் கப்பலேறித் தாயகம் எனச் சொல்லப்பட்ட, தாம் காணாத நாட்டுக்குச் சென்றனர். அவர்கள் கையிலிருந்த தாள்களில் பிறந்த ஊர் என எழுதப்பட்டிருந்தது ஸ்கொட்லாந்தின் ஊர்களே. அவர்களுள் பலருக்கு, 1968 ஆம் ஆண்டில் தமிழக அரசு நீலகிரியில் தொடங்கிய தேயிலைத் திட்டம் மீண்டும் கொழுந்துக் கூடையையே வாழ்வாக அளித்தது. இலங்கையில் எஞ்சியிருந்த நாடற்றோரின் நிலை, 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தால் குடியுரிமை வழங்கப்பட்டபோதே பெரும்பாலும் தீர்ந்தது. ஒரு வரிக்கான வழக்கு முடிய ஐம்பத்தைந்து ஆண்டுகள் சென்றன.

இக்காலத்தினுள் மலைகளின் தோற்றமும் மாறிவிட்டது. 1969 ஆம் ஆண்டில் மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கம் அமைந்தபோது பழைய மஸ்கெலியா நகரம் நீரில் மூழ்கியது. கடும் வறட்சியில் நீர் வற்றுங்கால் அதன் பழைய வழிபாட்டிடங்களின் எச்சங்கள் வெளித்தோன்றுகின்றன. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. வெள்ளைத் துரைமார் சென்றனர். ஆனாலும் அவர்கள் இட்ட பெயர்கள் தேயிலைப் பெட்டிகளிலும் தபால் முகவரிகளிலும் நிலைத்தன. மறேயும் டீசைட்டும் இன்று தமிழ்ச் சொற்களே எனத்தக்க அளவுக்குத் தமிழர் நாவில் பழகிவிட்டன.

நல்லதண்ணியின் வரலாறு மட்டும் சற்று வேறுபட்டது. மார்கழி தொடங்கி வைகாசி வரை சிவனொளிபாத மலைக்கு ஏறும் அடியார்கள், பௌத்தராயினும் இந்துக்களாயினும், இவ்வழியே செல்கின்றனர். சிங்கள மக்கள் இவ்வூரை 'நல்லதண்ணிய' என்று வழங்குகின்றனர். காவல் நிலையமும் அப்பெயரையே தாங்குகிறது. தாளில் ஏற இயலாதிருந்த பெயர், தன்னைச் சொன்னவர்களின் குடியுரிமை மறுக்கப்பட்ட காலத்திலும் மறையாமல், அயல்மொழி பேசுவோராலும் ஏற்கப்பட்டு, இறுதியில் அரசின் தாளிலும் ஏறிவிட்டது. டல்ஹவுசி என்னும் பெயர் ஒரு குடும்பத்தின் பெருமையைச் சொல்லியது. நல்லதண்ணி என்னும் பெயர் வருவோர்க்கெல்லாம் பயன்படும் ஒரு செய்தியைச் சொல்லியது. மலையேறும் தாகத்தோடு வந்தவர்கள் எப்பெயரை நினைவில் கொண்டார்கள் என்பதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.