அம்மை வந்த வீடு

அம்மை நோயைப் பற்றிப் பேசும்போது மட்டும் தமிழ் தனியானதொரு மரியாதையை மேற்கொள்கிறது. காய்ச்சல் அடிக்கிறது, வயிறு வலிக்கிறது என்று சொல்லும் அதே வாய், ‘அம்மா வந்திருக்கிறாள்’ என்றும் ‘அம்மை வார்த்திருக்கிறது’ என்றும் குரலைத் தாழ்த்திச் சொல்லும். கொப்புளம் ‘முத்து’ ஆகிறது. தணிவது ‘முத்து இறங்குவது’ ஆகிறது. இந்த வழக்கங்களைத் தொகுத்து ‘முன்னோரின் அறிவியல்’ என்று மகிழ்வோர் உண்டு; ‘மூடநம்பிக்கை’ என்று ஒதுக்குவோரும் உண்டு. இரண்டும் எனக்கு அவசரத் தீர்ப்புகளாகவே படுகின்றன. இந்த ஒழுங்குகள் எந்த நோயை எதிர்கொண்டு உருவாயின என்ற கேள்வியை இரு தரப்பாரும் கேட்பதில்லை.

பத்துப் பதினைந்து பேர் புழங்கும் ஒரு கூட்டுக் குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். ஓயாத அடுப்பு, இரண்டு மூன்று ஓரகத்திகள், கூடத்தில் வரிசையாகப் படுத்துறங்கும் குழந்தைகள். அவர்களில் ஒருவனுக்கு முத்து தெரிந்துவிட்டது. உடனே நிலைப்படியில் வேப்பிலைக் கொத்து செருகப்படும்; அதைக் கண்ட விருந்தினர் திண்ணையோடு திரும்புவர். குழந்தைக்குத் தனி மூலை, தனிப் பாய், மெல்லிய வெள்ளைத் துணி. வீட்டில் தாளிப்பு இல்லை. எண்ணெய்ச் சட்டி அடுப்பேறாது. வீட்டார் வெளியூர் செல்லலாகாது. ஆண்கள் முகம் மழிக்கலாகாது. தம்பதியர் விலகியிருக்க வேண்டும். வேப்பிலையால் வருடிவிட அருகில் ஒருத்தி அமர்வாள். ஏற்கெனவே அம்மை கண்டவளாயின் நல்லது. ஒற்றைப்படை நாள் பார்த்து, வேப்பிலையும் மஞ்சளும் இட்ட நீரைத் தலைக்கு ஊற்றும் வரை இந்த ஆணை செல்லும். மாமியாரின் சொல்லே சட்டமாயிருந்த வீட்டில், அந்தச் சில நாட்கள் மாமியாரும் ஒரு சட்டத்துக்குக் கட்டுப்பட்டார். மருமகளுக்கு அடுப்படியிலிருந்து கிடைத்த அரிய விடுப்பாகக்கூட அது இருந்திருக்கலாம். ஆனால் அந்த விடுப்பில் அவள் உறங்கியிருக்க மாட்டாள்.

சமயபுரத்தில் மாசிக் கடைசி ஞாயிறு தொடங்கி 28 நாட்கள் அம்மனே பக்தர்களுக்காகப் பச்சைப்பட்டினி விரதம் இருப்பதாக ஐதீகம். அந்நாட்களில் சமைத்த நைவேத்தியம் கிடையாது. இளநீர், பானகம், நீர்மோர், துள்ளுமாவு மட்டுமே. நோயுற்ற குழந்தையின் பத்தியத்தையே தெய்வமும் ஏற்கிறது என்று இதைப் படிக்கலாம். அம்மன் கோயில்களில் வெள்ளிக் கண்மலர் சாத்தும் நேர்த்திக்கடனையும் இதனோடு சேர்த்து நினைக்க வேண்டும். பெரியம்மை பறித்த கண்களுக்குக் கணக்கில்லை.

வைசூரி என்னும் பெரியம்மை, தடுப்பூசி பெறாதவர்களில் ஏறத்தாழ பத்தில் மூவரைக் கொன்ற நோய். ஆயினும் அதற்கொரு மந்தகதி உண்டு. கிருமி உடலில் புகுந்து சுமார் 12 நாட்கள் வரை அது பிறருக்குத் தொற்றுவதில்லை. காய்ச்சல் கண்டு, கொப்புளம் எழும்பத் தொடங்கும்போதுதான் தொற்றும். சென்னைத் தொற்றுநோய் மருத்துவமனையைச் சேர்ந்த ஏ. இராமச்சந்திர ராவும் அவருடைய குழுவினரும், நோய் கண்ட 254 குடும்பங்களை ஆராய்ந்து 1968-இல் முடிவுகளை வெளியிட்டனர். ஒரே வீட்டில் இருந்தும், தடுப்பூசி பெறாதவர்களில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேற்பட்டோரையே நோய் பற்றியது. தடுப்பூசி பெற்றவர்களில் நூற்றுக்கு ஒருவர் அளவே. இத்தகைய நோய்க்கு, முத்து தெரிந்ததும் தனி மூலை ஒதுக்குவதும் விருந்தினரைத் திருப்புவதும் உண்மையில் பயன் தந்திருக்கும்.

அதே பக்தி தடுப்பூசியின் வழியில் குறுக்கே நின்றதும் வரலாறுதான். 1802-இல் இந்தியாவுக்கு வந்த பசுவம்மைப் பால் முதலில் கைக்குக் கைதான் சென்றது. ஒரு குழந்தையின் புயத்தில் எட்டாம் நாள் எழும் கொப்புளத்தைக் குத்தி, அதன் நீரை அடுத்த குழந்தைக்கு வைப்பார்கள். தாய்மார் குழந்தைகளை ஒளித்து வைத்ததில் வியப்பென்ன? சாதியும் இடையில் நின்றது. திருக்குறளில் தோய்ந்த எல்லீசுத் துரை, தேவிக்கும் தன்வந்திரிக்கும் நடக்கும் உரையாடலாக ஒரு கதையைத் தமிழில் புனைந்து, பசுவம்மையைத் தெய்வம் தந்த கொடையாகவே காட்டினார். ஊரை ஏமாற்றுவது என்று அதைச் சொல்லலாம். மக்கள் எந்த மொழியில் நோயைப் புரிந்துகொண்டார்களோ அந்த மொழியில் பேசினார் என்றும் சொல்லலாம். நான் இரண்டாவதையே ஏற்பேன். பின்னர், 1905-இல் திறக்கப்பட்ட கிண்டி கிங் நிறுவனம் தடுப்புப் பால் தயாரிப்பில் இறங்கியது.

1975-க்குப் பின் இந்தியாவில் பெரியம்மை இல்லை; 1980-இல் உலகிலிருந்தே அது நீங்கியதாக அறிவிக்கப்பட்டது. நோய் போயிற்று, வேப்பிலைக் கொத்து மட்டும் நிலைப்படியிலேயே தங்கிவிட்டது. இன்று அது செருகப்படுவது பெரும்பாலும் சின்னம்மைக்கு. இங்கேதான் கணக்கு பிசகுகிறது. சின்னம்மை, முத்து தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே தொற்றத் தொடங்கிவிடும். ஒரே வீட்டில் எதிர்ப்புச் சக்தியற்றோரில் பத்துக்கு ஒன்பது பேரைப் பற்றும். தனிப் பாய் விரிக்கும்போதே காலம் கடந்திருக்கும். பெரும்பாலும் பதினான்கு, பதினைந்தாம் நாள் வாக்கில், முதற் குழந்தைக்குத் தண்ணீர் ஊற்றிய நிம்மதி ஆறுமுன், இரண்டாவது குழந்தைக்கு முத்து எழும்பும். அப்போது ‘தீட்டு கலந்துவிட்டது’, ‘யாரோ தாளித்தீர்கள்’ என்று வீடு குற்றவாளியைத் தேடும். அந்தத் தேடல் பெரும்பாலும் அடுப்படியில் நிற்பவளிடம்தான் போய் முடிகிறது. அவள் கரண்டியைத் தொடுவதற்கு முன்பே கிருமி கூடத்தில் உலவி முடித்திருந்தது என்று அவளுக்காகச் சொல்ல அந்த வீட்டில் ஆள் இருந்ததில்லை.

ஜப்பானிய மருத்துவர் தகாஹாஷி 1974-இல் சின்னம்மைக்கும் தடுப்பூசி கண்டார். தன் மகன் இந்நோயில் பட்ட துன்பமே அவரை அதில் இறக்கியது. நம் நாட்டில் அது காசு கொடுத்தால் கிடைக்கும்.

இன்னொன்று. மூன்று தண்ணீர் ஊற்றியபின் அம்மை வீட்டைவிட்டுப் போய்விடுவதாக நம்புகிறோம். சின்னம்மைக் கிருமி போவதில்லை. நரம்பின் வேரில் ஐம்பது அறுபது ஆண்டுகள் உறங்கிக் கிடந்து, முதுமையில் அக்கியாக எழுகிறது. அக்கிக்குக் குயவரிடம் சென்று காவி குழைத்துச் சிங்கம் எழுதிக்கொள்ளும் வழக்கம் நம்மிடம் உண்டு. ஆனால் நிலைப்படியில் வேப்பிலை செருகுவதில்லை. அது வேறு நோய் என்று எண்ணிவிட்டோம். அக்கி எழுதிய தாத்தா கூடத்தில் பேரனோடு ஒரே பாயில் படுத்திருப்பார். சில வாரங்களில் அவனுக்கு அம்மை போடும்.