எழில் நெடுஞ்சாலைத் திட்டம், கலிஃபோர்னியா

இயற்கை அழகு மிக்க சாலைகளையும் அவற்றை ஒட்டிய நிலக்காட்சியையும் காக்க, அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலச் சட்டமன்றம் 1963இல் உருவாக்கிய திட்டம். இதில் சாலைகள் இருவகைப்படும்: தகுதியுடையவை, முறைப்படி அறிவிக்கப்பட்டவை. தகுதிப் பட்டியல் சட்டத்திலேயே இடம்பெறுகிறது. பட்டியலில் இருப்பதால் மட்டும் பாதுகாப்புக் கிடைத்துவிடாது. நிலப்பயன்பாடு, விளம்பரப் பலகை, மண் அகழ்வு, கட்டட வடிவமைப்பு ஆகியவற்றைக் கட்டுப்படுத்தும் விதிகளை உள்ளாட்சி நிர்வாகம் ஏற்ற பின்னரே மாநிலப் போக்குவரத்துத் துறை அறிவிப்பு வெளியிடும். விதிகள் கைவிடப்பட்டால் அதைத் திரும்பப் பெறலாம். அறிவிக்கப்பட்ட சாலையோரம் மாநில மலரான பாப்பி பொறித்த பலகை நடப்படும். முதல் அறிவிப்பைப் பெற்றது, பிக் சர் கடலோரக் குன்றுகளை ஒட்டிச் செல்லும் முதலாம் எண் நெடுஞ்சாலையின் மான்டரே பகுதி. 1966இல் அதைக் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சனின் மனைவி லேடி பேர்ட் ஜான்சன் அர்ப்பணித்தார்.