தோட்டத் துரைமாரும் தேசாதிபதிகளும்

அரசாங்கமும் வர்த்தகத் தலைவர்களும் கைகோத்து நின்றாலன்றி உலகச் சந்தையில் நாடு போட்டியிட இயலாது என்னும் பேச்சு எம்மிடையே மீண்டும் மீண்டும் எழுகின்றது. பேசுவோர் இதனை நேற்றுக் கண்டுபிடித்த மருந்துபோலச் சொல்கின்றனர். ஆயின், இம்மருந்தை இலங்கை ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அருந்திப் பார்த்துவிட்டது. கோப்பியும் தேயிலையும் இந்நாட்டில் வளர்ந்த வரலாறு இக்கூட்டுறவின் வரலாறே. அக்கூட்டுறவால் யார் என்ன பெற்றனர், அதற்கான விலையை யார் கொடுத்தனர் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1815இல் கண்டி இராச்சியம் வீழ்ந்தது. அடுத்த பத்தாண்டுக்குள் மலைநாட்டில் கோப்பித் தோட்டம் தோன்றிவிட்டது. 1824 முதல் 1831 வரை தேசாதிபதியாயிருந்த சேர் எட்வேட் பாண்ஸ் தெருக்கள் அமைத்தவர் என்றே எமது பாடநூல்கள் கூறும். கொழும்பிலிருந்து கண்டிக்குத் தெரு அமைத்தவர் அவர்தாம். அதனை வெட்டியோர் இராசகாரிய முறைப்படி கூலியின்றி அழைத்துவரப்பட்ட கிராமத்தவர். அதே பாண்ஸ் கன்னொறுவையில் சொந்தக் கோப்பித் தோட்டமும் வைத்திருந்தார். கோப்பிக்கு ஏற்றுமதித் தீர்வையிலிருந்து விலக்கும் அளித்தார். ஆள்வோரும் தோட்டக்காரரும் ஒரே மேசையில் அமர வேண்டும் என்று யாரும் அன்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. இருவரும் ஒருவரே.

1832இல் இராசகாரியம் ஒழிக்கப்பட்டது. 1835இல் மேற்கிந்தியக் கோப்பிக்கு இங்கிலாந்தில் இருந்துவந்த தீர்வைச் சலுகை நீங்க, இலங்கைக் கோப்பி அதனோடு சரிநிகராய்ப் போட்டியிட வழி பிறந்தது. போட்டியிட நிலம் வேண்டும். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அந்நிலத்தைக் கொடுத்தது. காடாயும் தரிசாயும் பயிரின்றிக் கிடக்கும் நிலமெல்லாம், மாறாக நிரூபிக்கப்படும்வரை, முடிக்குரியது என்றது அச்சட்டம். சேனைப் பயிர் செய்வோன் நிலத்தை ஆண்டுக்கணக்கில் தரிசாய் விடுவான். மீண்டும் பயிரிடத் திரும்பி வருவான். அவனுக்கு அந்நிலம் பாட்டன் நிலம். சட்டத்துக்கோ அது வெற்று நிலம். ஓலையோ சன்னசோ காட்டமுடியாத குடியானவனின் மேய்ச்சற் காடு ஏக்கர் 5 சிலிங் விலையில் கைமாறியது. வாங்கியோருள் தேசாதிபதி ஸ்டுவர்ட் மக்கென்சியும் இருந்தார். அவருக்குக் கீழிருந்த உயர் உத்தியோகத்தரும் இருந்தனர். 1844இல் விலை ஏக்கருக்கு 20 சிலிங்காக உயர்த்தப்பட்டபொழுது நல்ல நிலங்களிற் பெரும்பகுதி முன்னரே விலைப்பட்டிருந்தது.

1847இல் கோப்பி விலை சரிந்தது. அப்பொழுது நடந்ததை ஆசிரியர்கள் வகுப்பிற் சற்று நின்று விளக்குதல் நலம். ஏனெனில், கூட்டுறவின் உள்ளமைப்பு நெருக்கடியிலேதான் வெளித்தெரியும். 1848இல் ரொறிங்டன் பிரபு கோப்பியின் ஏற்றுமதித் தீர்வையை நீக்கினார். வருமானத்தில் விழுந்த துண்டை அடைக்கத் துவக்குக்கு வரி, நாய்க்கு வரி, கடைக்கு வரி எனச் சாதாரண மக்கள்மீது புதிய சுமைகள் ஏற்றப்பட்டன. தெருக் கட்டளைச் சட்டத்தின்படி வயதுவந்த ஆண்மகன் ஒவ்வொருவனும் ஆண்டுக்கு 6 நாள் தெருவேலை செய்தல் வேண்டும். அல்லது அதற்கீடாகப் பணம் செலுத்துதல் வேண்டும். முன்வாசலால் வெளியேற்றப்பட்ட இராசகாரியம் பதினாறு ஆண்டுகளில் பின்வாசலால் உள்ளே வந்துவிட்டது. மாத்தளையிலும் குருநாகலிலும் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். புரன் அப்பு அவ்வாண்டு ஆகத்து மாதம் கண்டியிற் சுட்டுக் கொல்லப்பட்டான். வரிகளிற் சில பின்னர் கைவிடப்பட்டன. தெருவேலை நிலைத்தது, தோட்டங்களுக்குத் தெரு வேண்டியிருந்ததல்லவா?

தனித்தனியே தேசாதிபதியின் செவியை நாடிய துரைமார், 1854 பெப்ரவரியிற் கண்டியிற் கூடித் தமக்கென ஒரு சங்கம் அமைத்துக்கொண்டனர். கொழும்பு வணிகருக்கோ 1839 முதலே வர்த்தக சங்கம் இருந்தது. இவ்விரண்டும் சேர்ந்து எழுப்பிய குரல்களுள் உரத்தது புகையிரதத்துக்கான குரல். மாட்டுவண்டியில் வாரக்கணக்காய் இறங்கும் கோப்பி மழையில் நனைந்து கெட்டது. வண்டிக்கூலி இலாபத்தைத் தின்றது. முதலிற் பாதை போட முன்வந்த கொம்பனியால் அது முடியவில்லை. அரசாங்கமே அதனைப் பொறுப்பேற்று 1867இற் கண்டிவரை பாதையைக் கொண்டு சென்றது. கோப்பிமீது மீண்டும் விதிக்கப்பட்ட தீர்வை செலவின் ஒரு பகுதிக்கு உதவியது என்பதையும் நேர்மையாய்க் கூறுதல் வேண்டும். ஆயினும், பாதை எத்திசை நோக்கி வளர்ந்தது என்பதைத் தேசப்படத்திற் பார்த்தால் போதும். 1874இல் நாவலப்பிட்டி, 1885இல் நானுஓயா, 1894இற் பண்டாரவளை. யாழ்ப்பாணத்தான் கொழும்பிலிருந்து வரும் புகையிரதத்தைக் காண 1905 வரை காத்திருந்தான். மட்டக்களப்பான் 1928 வரை காத்திருந்தான்.

இக்கூட்டாளிகள் என்றும் ஒருமனப்பட்டிருந்தனர் என்று நாம் கருதிவிடலாகாது. 1864இல், இலங்கையிலிருந்த படையின் செலவை இந்நாட்டு வருமானத்தின்மீது சுமத்தியதை எதிர்த்துச் சட்டநிரூபண சபையின் உத்தியோகப்பற்றற்ற உறுப்பினர் பதவி துறந்தனர். முன்னின்றவர் தோட்டமும் வணிகமும் கைக்கொண்டிருந்த ஜோர்ஜ் வோல். தோட்டத் தொழிலாளருக்கு மருத்துவ வசதி செய்யும் செலவிற் பங்கேற்கும்படி 1872இல் அரசாங்கம் சட்டம் இயற்றியபொழுதும் துரைமார் முணுமுணுத்தனர். வீட்டுக்குள் நடந்த இச்சச்சரவுகளைச் சிலர் பெரிதாக்கி, அரசாங்கம் நடுநிலையாய் நின்றதென்பர். சச்சரவு செலவைப் பற்றியதேயன்றித் தோட்டத்தைப் பற்றியதன்று.

இனி, கூட்டுறவின் உயிர்நிலைக்கு வருவோம். அது தொழிலாளி. கண்டிக் குடியானவன் தன் வயலை விட்டுத் தோட்டக் கூலியாய் வர மறுத்தான். இராமநாதபுரம், மதுரை, திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டைப் பகுதிகளில் பஞ்சமும் கடனும் சாதிக் கொடுமையும் வாட்டிய மக்கள் தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டினூடே மாத்தளைவரை நடந்து வந்தனர். வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் வழியெங்கும் அவர்களைத் தின்றன. புகையிரதத்துக்கு முந்திய அவ்வடக்குப் பாதையே மலைநாட்டின் முதல் முதலீடு. எந்தக் கணக்கேட்டிலும் அது முதலீடாய்ப் பதியப்படவில்லை.

வந்தோரைப் பிடித்து நிறுத்தச் சட்டம் வேண்டியிருந்தது. 1865ஆம் ஆண்டின் சேவை ஒப்பந்தக் கட்டளைச் சட்டப்படி, வேலையை விட்டு ஓடிய தொழிலாளிக்கு 3 மாதம் வரை சிறை. துரை சம்பளத்தை மாதக்கணக்கில் நிலுவை வைத்தாலோ அது வெறும் கடன் வழக்கு. ஒரே ஒப்பந்தத்தில் ஒரு பக்கத்தார் தவறினாற் குற்றம். மறுபக்கத்தார் தவறினாற் கொடுக்கல் வாங்கல். இச்சட்டத்தோடு கங்காணியின் முற்பணமும் சேர்ந்துகொண்டது. ஊரிலிருந்து புறப்படும்போதே வழிச்செலவெனத் தொழிலாளியின் தலையிற் கடன் ஏறியது. ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றுக்குப் போக வேண்டுமாயின் 'துண்டு' வேண்டும். இன்ன தொகையைத் தீர்த்தால் இக்கங்காணியையும் இவன் ஆட்களையும் விடுவிப்போம் என்று துரை எழுதிக்கொடுக்கும் சீட்டே துண்டு. அச்சீட்டு கைமாறுகையில் மனிதரும் கைமாறினர்; கடன் மட்டும் கூடியே வந்தது.

இங்கே ஒரு வேடிக்கையை நோக்குக. இலண்டன் சந்தையில் பிரேசிலோடும் ஜாவாவோடும் போட்டியிடுவதைப் பெருமையாய்ப் பேசிய துரைமார், தொழிலாளியைப் பெறுவதில் தமக்குள் போட்டி எழுவதைப் பொறுக்கவில்லை. ஒரு துரை கூடிய முற்பணம் கொடுத்து மற்றவனின் ஆட்களை இழுத்துக்கொள்வது பெருங்குற்றமாய்க் கருதப்பட்டது. 1904இற் துரைமார் சங்கத்தின் முயற்சியால் திருச்சிராப்பள்ளியில் அமைந்த இலங்கைத் தொழில் ஆணையகம், ஆட்சேர்ப்பை ஒழுங்குபடுத்தவே தோன்றியது. சரக்கு விற்கையிற் போட்டி நன்மை. கூலி கொடுக்கையில் அதுவே தீமை!

1869இல் மடுல்சீமைப் பகுதியிற் கோப்பி இலையில் மஞ்சட் புள்ளிகள் தோன்றின. கோப்பியன்றி வேறெதுவும் நடாத மலைகளிற் பூஞ்சணத்துக்குத் தடை ஏது? பதினைந்து ஆண்டுகளிற் கோப்பி அழிந்தது. தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியன்டல் வங்கி 1884 மே மாதத்தில் முறிந்தது. அதன் தாள்கள் நாடெங்கும் புழங்கின. தேசாதிபதி சேர் ஆதர் கோடன் காலந்தாழ்த்தாது அத்தாள்களுக்கு அரசாங்கமே பொறுப்பென அறிவித்தார், பீதி அடங்கியது. அது துணிவான, அறிவான செயலென்றே நாமும் கருதுகின்றோம்.

ஆனால், அதே ஆண்டுகளில் நுவரெலியாவை அடுத்த வலப்பனையில் என்ன நடந்தது? நெல்வரியைப் பணமாகச் செலுத்த முடியாத குடியானவரின் வயல்கள் ஏலத்தில் விற்கப்பட்டன. கோப்பி வீழ்ந்ததால், வீட்டுத்தோட்டத்துக் கோப்பியை விற்று வரி கட்டிவந்த ஏழைக்கும் கைக்காசு அற்றுப்போயிருந்தது. வயலிழந்த குடும்பங்கள் பட்டினியால் சிதறின. நுவரெலியா உதவி அரசாங்க அதிபராயிருந்த லெ மெசூரியர் இதனை எடுத்துரைத்தார். வரி ஒழிந்ததோ 1892இல். வங்கியின் தாளைக் காக்கச் சில நாள் போதுமாயிருந்தது. வயலைக் காக்க ஆண்டுகள் சென்றன. கோடன் இரக்கமற்றவராதலால் இவ்வாறு நேர்ந்ததென்று கூறுவது பிழை. வங்கி முறிந்த செய்தி அன்றே மாளிகையை எட்டும். வலப்பனையின் செய்தி எட்டுவதற்குச் சபையில் ஆள் இல்லை.

தேயிலையின் கதையை விரைந்து கூறலாம். 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தொடங்கியதை எல்லா மாணவரும் அறிவர். 1900 அளவில் அது ஏறத்தாழ 4 இலட்சம் ஏக்கராயிற்று. 1893இற் சிக்காகோ நகரின் உலகக் கண்காட்சியில் இலங்கைக்கெனத் தனி மண்டபம் எழுந்தது. தேயிலையை அயல்நாடுகளில் விளம்பரப்படுத்தத் துரைமாரே வரி கேட்டு வாங்கினர். ஏற்றுமதித் தேயிலைமீது சுங்கம் அதனைத் திரட்டிக் கொடுத்தது. 1925இற் தேயிலை ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. கூட்டுறவு பயன் தரவில்லை என்று எவரும் கூறமுடியாது. கோப்பி மாண்ட மலையில் ஒரு தலைமுறைக்குள் இன்னொரு பயிரை உலகறியச் செய்தமை சிறு காரியமன்று. கொழுந்து பறித்த கைகளுக்கு அதில் எவ்வளவு வந்தது என்பது வேறு கேள்வி. ஓடிய தொழிலாளியைச் சிறைக்கனுப்பும் சட்டமும் துண்டு முறையும் ஒழிந்தது 1921இலேயே. அதுவும் இந்தியாவில் எழுந்த எதிர்ப்பின் அழுத்தத்தால். 1927ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வகுக்கப்பட்ட குறைந்தபட்ச நாட்கூலி மலைநாட்டு ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். கொழுந்து பறிப்போர் பெரும்பாலும் பெண்கள் என்பதை நினைத்துப் பார்த்தால் அந்த 11 சத வேறுபாட்டின் பொருள் விளங்கும்.

உலகப் பொருளாதார மந்தம் வந்தபொழுது அச்சதங்களும் குறைக்கப்பட்டன. 1933இல் இந்தியா, இலங்கை, டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகள் ஆகியவற்றின் தேயிலை முதலாளிகள் உடன்படிக்கை செய்து ஏற்றுமதியை முதலாண்டில் 15 வீதம் குறைத்தனர். அரசாங்கங்கள் அதனைச் சட்டமாக்கின. எண்பது ஆண்டுகள் போட்டியின் பெயரால் நிலமும் சட்டமும் தெருவும் கேட்டோர், விலை விழுந்ததும் போட்டியையே சட்டத்தாற் கட்டிப்போட்டனர். விலை மெல்ல மீண்டது.

1937இல் மடுல்கலையை அடுத்த தோட்டமொன்றிற் சின்னத்துரையாய்ப் பயிற்சிபெற வந்த பிறேஸ்கேர்டில் என்னும் இளைஞர் தொழிலாளர் பக்கம் சேர்ந்து, சமசமாஜக் கட்சி மேடையேறி, துரைமாரின் இலாபக் கணக்கைப் பேசினார். துரைமார் கொதித்தனர். தேசாதிபதி ஸ்ரப்ஸ், மக்கள் தெரிந்தெடுத்த மந்திரிமாரைக் கலந்துகொள்ளாமலே அவரை நாடுகடத்தக் கட்டளையிட்டார். கட்சியினர் அவரை மறைத்து வைத்தனர். காலிமுகத்திடற் கூட்டத்திற் பல்லாயிரவர் முன் அவர் தோன்றிப் பேசினார். கைதானபின் உயர்நீதிமன்றம் அவரை விடுவித்தது. கட்டளை செல்லாது என்பதே தீர்ப்பு. பாண்ஸ் கன்னொறுவையிற் கோப்பி நட்ட காலந்தொட்டு, துரைமாரின் வேண்டுகோளுக்கும் தேசாதிபதியின் கையொப்பத்துக்கும் குறுக்கே மலைநாட்டுத் தொழிலாளரும் கொழும்புத் தொழிலாளரும் ஒரே பக்கத்தில் நின்ற தருணங்கள் மிக அரிது. பதினொரு ஆண்டுகள் கழித்து, 1948இல், சுதந்திர இலங்கையின் பாராளுமன்றம் குடியுரிமைச் சட்டத்தால் அத்தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. தோட்டங்கள் கொம்பனிகளிடமே இருந்தன. ஏற்றுமதி ஒரு நாளும் தடைப்படவில்லை.