டாக்டர் பட்டம் தராத கல்லூரி, வைத்தியம் பெற்ற கொல்லிமலை: லண்டன் லிவிங்ஸ்டன் கல்லூரியின் கதை

நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையில் இருக்கிறது வாழவந்தி நாடு. ஆங்கிலேயத் தம்பதி ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட் இருவரின் கல்லறைகளும் இங்கேதான் உள்ளன. நூறு வருஷத்துக்கு முன்பு இந்த மலை மக்களுக்கு வைத்தியம் பார்த்தவர் ஜெஸ்ஸி. ஆனால் அவர் டாக்டர் இல்லை. கட்டடத் தொழில் தெரிந்த மிஷனரி. மருத்துவத்தில் அவர் படித்தது சுமார் ஒரு வருஷம்தான். படித்த இடம், லண்டனில் இருந்த லிவிங்ஸ்டன் கல்லூரி.

கல்லூரியைத் தொடங்கியது யார்?

டாக்டர் சார்லஸ் ஹார்ஃபோர்ட். மேற்கு ஆப்பிரிக்காவின் நைஜர் பகுதியில் மிஷன் மருத்துவராக வேலை பார்த்தவர். அந்தக் காலத்தில் அங்கே போன ஐரோப்பியர்கள் பலர் காய்ச்சலில் இறந்துபோனார்கள். சுற்றுவட்டாரத்தில் ஒரு டாக்டர்கூட இருக்க மாட்டார்.

ஊர் திரும்பிய ஹார்ஃபோர்ட், 1893-ல் இந்தக் கல்லூரியைத் தொடங்கினார். பிறகு கிழக்கு லண்டன் பக்கம் உள்ள லேட்டனில் அது நிலைபெற்றது. ஆப்பிரிக்காவில் மருத்துவராகவும் மிஷனரியாகவும் இருந்த டேவிட் லிவிங்ஸ்டனின் பெயர்தான் அதற்கு வைக்கப்பட்டது.

ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். கொசுவுக்குள் மலேரியாக் கிருமி இருப்பதை ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கண்டுபிடித்தது 1897-ல். அதற்கு நான்கு வருஷம் முன்பே இந்தக் கல்லூரி வந்துவிட்டது.

என்ன சொல்லிக் கொடுத்தார்கள்?

காயத்துக்குக் கட்டுப் போடுவது, காய்ச்சலைக் கவனிப்பது, வெப்பமண்டல நோய்களை அடையாளம் காண்பது, சுகாதாரம். கூடவே மருத்துவமனைகளில் நேரடிப் பயிற்சியும் உண்டு.

ஆனால் படித்து முடித்தவர் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' என்று போட்டுக்கொள்ள முடியாது. டாக்டரே இல்லாத ஊரில் முடிந்த அளவு உதவணும், தன் உயிரையும் காப்பாற்றிக்கொள்ளணும். கல்லூரியின் நோக்கம் அவ்வளவுதான்.

கொல்லிமலைக்கு எப்படி வந்தது?

ஜெஸ்ஸி 1907-ல் இந்தியா வந்தார். 1913-ல் மலையடிவாரத்தில் உள்ள சேந்தமங்கலத்தில் ஈவ்லினைத் திருமணம் செய்துகொண்டு, இருவரும் மலையிலேயே குடியேறினார்கள். இன்றைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஏறுகிற மலை அது. அப்போது நடந்து ஏறணும், முடியாதவர்களை டோலியில் தூக்கணும்.

வீடு கட்டினார்கள், பள்ளிக்கூடம் நடத்தினார்கள், மருந்து கொடுத்தார்கள். மலையில் பரவலாக இருந்த ஒரு நோய் நரம்புச் சிலந்தி. தண்ணீர் வழியாக உடம்புக்குள் போகும் புழு, சுமார் ஒரு வருஷம் கழித்து கால் தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். வேதனை தாங்காமல் அந்தக் காலைத் தண்ணீரில் வைத்தால், புழு அங்கேயே குஞ்சுகளை விடும். அதே தண்ணீரைக் குடிப்பவருக்கு நோய் தொற்றும்.

ஜெஸ்ஸி புழுவைச் சின்னக் குச்சியில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி எடுத்தார். அதோடு விடவில்லை. யாரும் தண்ணீருக்குள் கால் வைக்காதபடி கிணறுகளைச் சுற்றிச் சுவர் எழுப்பச் சொன்னார். மருத்துவப் படிப்பும் கட்டட வேலையும் இந்த இடத்தில் ஒன்று சேர்ந்தன.

படிப்பின் எல்லை எது?

1929 ஜூன் மாதம் ஜெஸ்ஸி மலையிலேயே இறந்தார். மலேரியா முற்றி, ரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து, சிறுநீர் கறுத்துப்போகும் பிளாக்வாட்டர் காய்ச்சல். வயது 44. ஊருக்கெல்லாம் காய்ச்சல் மருந்து கொடுத்தவருக்கு வைத்தியம் பார்க்க மலையில் ஒரு டாக்டர் இல்லை.

மூத்த மகன் பாலை 9 வயதிலேயே படிப்புக்காக இங்கிலாந்தில் விட்டிருந்தார்கள். அதன் பிறகு அப்பாவை அவர் பார்க்கவே இல்லை. மரணச் செய்தி தந்தியில் முதலில் வந்தது. ஜெஸ்ஸி ஏற்கெனவே எழுதிய கடிதங்கள் கப்பலில் பிறகுதான் வந்து சேர்ந்தன.

மகன் என்ன ஆனார்?

பாலும் முதலில் கட்டடத் தொழிலைத்தான் கற்றார். அப்பாவைப் போலவே லிவிங்ஸ்டன் கல்லூரியில் சேர்ந்தார். பயிற்சிக்காகப் போன மருத்துவமனையில், சாகப் போகிறார் என்று நினைத்த ஒரு நோயாளி ரத்தம் ஏற்றியதும் பிழைத்ததைப் பார்த்தார். அங்கேதான் முடிவு மாறியது. ஒரு வருஷப் படிப்பு போதாது என்று முழு மருத்துவமும் படித்தார்.

1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை, தசைநாண்களை மாற்றிப் பொருத்தி மீண்டும் இயங்க வைத்தார். அந்த டாக்டர் பால் பிராண்டை இன்று உலக மருத்துவ உலகமே அறியும்.

பிறகு நடந்தது என்ன?

லிவிங்ஸ்டன் கல்லூரி 1940-களில் மூடப்பட்டது. ஈவ்லின் முதுமையிலும் மலைகளை விட்டுப் போகவில்லை. 1974-ல் 95 வயதில் இறந்தார். கணவர் பக்கத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

நரம்புச் சிலந்தி நோய் இல்லாத நாடாக உலக சுகாதார நிறுவனம் இந்தியாவுக்குச் சான்றளித்தது 2000-ல். இந்த நோய்க்கு அப்போதும் தடுப்பூசி கிடையாது, இப்போதும் கிடையாது. குடிதண்ணீரைப் பாதுகாத்ததால்தான் அது ஒழிந்தது. கொல்லிமலைக் கிணறுகளைச் சுற்றி அந்தக் கட்டடக்காரர் எழுப்பச் சொன்ன சுவரும் அதே வைத்தியம்தான்.