நோட்டீஸ் போர்டில் இல்லாத ஒரு வரி

இன்றைய எபிசோடில் பாலியல் வன்முறை பற்றியும், வீட்டுக்குள் நடக்கும் வன்முறை பற்றியும் பேசப் போகிறேன். எந்தச் சம்பவத்தையும் விரிவாகச் சொல்லப் போவதில்லை. ஆனாலும் இப்போ இதைக் கேட்கிற மனநிலை இல்லைன்னா, நிறுத்திட்டு அப்புறமா வாங்க. உதவி எண்கள் கடைசியில இருக்கு.

நான் காலேஜ் படிக்கும்போது எங்க டிபார்ட்மென்ட் வாசலில் ஒரு நோட்டீஸ் போர்டு இருந்தது. பஸ் பாஸ் அறிவிப்புக்கும் அரியர் ஃபீஸ் கட்டக் கடைசித் தேதிக்கும் நடுவில் ஒரு பேப்பர். மேலே "உள்ளகப் புகார் குழு"ன்னு தலைப்பு. கீழே சில பெயர்கள், போன் நம்பர்கள். மூணு வருஷம் அதைத் தாண்டித்தான் கிளாசுக்குப் போனேன். ஒரு நாள்கூட நின்னு படிச்சதில்லை.

இன்னிக்கு அந்த ஒரு பேப்பரோட வரலாறுதான் கதை. அதுல இருக்கிற ஒவ்வொரு வரிக்குப் பின்னாடியும் யாரோ ஒருத்தர் தோற்றுப்போன ஒரு வழக்கோ, இழந்துபோன ஒரு உயிரோ இருக்கு.

முதல் வரி, 1992. ராஜஸ்தானில் படேரி என்ற கிராமம். பன்வாரி தேவி மாநில அரசின் பெண்கள் மேம்பாட்டுத் திட்டத்தில் வேலை பார்த்தவர். ஊரில் நடக்கும் குழந்தைத் திருமணங்களைத் தடுப்பதும் அவருடைய வேலைகளில் ஒன்று. அப்படி ஒரு திருமணத்தைத் தடுக்க முயன்றதற்காக, ஆதிக்க சாதியைச் சேர்ந்த ஆண்கள் அவரைக் கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கினார்கள். அவர் ஒளிந்துகொள்ளவில்லை, புகார் கொடுத்தார். 1995-ல் விசாரணை நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவர்களை அந்தக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது.

பெண்கள் அமைப்புகள் ஒரு கேள்வியை உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனாங்க. அவர் தன் வேலையைச் செய்ததால்தானே இது நடந்தது? அப்படின்னா வேலை கொடுத்தவருக்குப் பொறுப்பு இல்லையா? அதுதான் விசாகா வழக்கு. 1997 ஆகஸ்ட் 13 அன்று தலைமை நீதிபதி ஜே.எஸ். வர்மா தலைமையிலான அமர்வு தீர்ப்பு சொன்னது. நாடாளுமன்றம் சட்டம் போடும்வரை இந்த வழிகாட்டுதல்கள்தான் சட்டம் என்றது. ஒவ்வொரு பணியிடத்திலும் ஒரு புகார் குழு, தலைவர் ஒரு பெண், உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியிலிருந்து ஒருவர்.

அந்த வெளி ஆள் எதுக்குன்னு யோசிச்சிருக்கீங்களா? உள்ளே இருக்கிற எல்லாருக்கும் சம்பளம் கொடுப்பது ஒரே நிர்வாகம். மேலே இருந்து அழுத்தம் வந்தால், "இது தப்பு"ன்னு சொல்ல ஒருத்தராவது வெளியில இருந்து வரணும். உங்க காலேஜ் பேப்பரில் ஏதோ ஒரு தொண்டு நிறுவனத்துக்காரரின் பெயர் கடைசியில் இருக்குமே, அது அப்படி வந்த பெயர்.

ஆனால் இங்க ஒரு சிக்கல். விசாகா பேசியது பணியிடத்தைப் பற்றி. மாணவி ஊழியர் இல்லையே. அவளுக்கு எதிரில் நிற்பவர் முதலாளியும் இல்லை. இன்டர்னல் மார்க் போடுகிற ஆசிரியராக இருக்கலாம், ஆய்வேட்டில் கையெழுத்துப் போடுகிற வழிகாட்டியாக இருக்கலாம், சீனியராகவோ கூடப் படிப்பவனாகவோ இருக்கலாம்.

இந்த இடைவெளியைச் சில பல்கலைக்கழகங்கள் தாங்களே அடைக்கப் பார்த்தன. டெல்லி ஜேஎன்யு 1999-ல் ஜிஎஸ்கேஷ் என்ற குழுவை அமைத்தது. அதில் மாணவர்களுக்கும் பிரதிநிதிகள் உண்டு, அவர்களைத் தேர்தல் வைத்தே தேர்ந்தெடுத்தார்கள். புகார் கொடுப்பவள் எதிரில், தன்னைப் போன்ற ஒருத்தியும் உட்கார்ந்திருப்பாள் என்பது சின்ன விஷயம் இல்லை. 2017-ல் பெரிய எதிர்ப்புக்கு நடுவே அந்தக் குழு கலைக்கப்பட்டு, அதன் இடத்துக்கு ஐசிசி வந்தது.

நம்ம ஊரில் கதை வேற பாதையில் போனது. 1998-ல் சென்னையில் ஆட்டோவில் வந்த ஆண்களின் சீண்டலால் ஒரு கல்லூரி மாணவி உயிரிழந்தார். அப்போ பத்திரிகைகளில் "ஈவ் டீசிங்"னு எழுதுவாங்க. ஏதோ விளையாட்டு மாதிரி இருக்கிற அந்த வார்த்தை, ஒரு சாவுக்கு முன்னாடி எவ்வளவு கேவலமா தெரியுது பாருங்க. அதே வருஷம் தமிழ்நாடு அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது, பிறகு அது முழுச் சட்டமானது. பிற்காலத்தில் "ஈவ் டீசிங்" என்ற சொல்லும் அதன் பெயரிலிருந்து போனது. கல்வி நிலையத்தின் பொறுப்பில் இருப்பவர் தன் வளாகத்தில் இப்படி நடக்காமல் பார்த்துக்கணும் என்ற கடமையையும் அந்தச் சட்டம் வைத்தது.

அடுத்தது 2012 டிசம்பர், டெல்லி. ஒரு பிசியோதெரபி மாணவி. அந்தக் குளிரில் தெருவுக்கு வந்த கூட்டத்தில் கல்லூரி மாணவர்கள்தான் அதிகம் கண்ணில் பட்டார்கள். சட்டத்தை எப்படி மாற்றலாம் என்று சொல்ல அரசு ஒரு குழுவை அமைத்தது. தலைவர் யார் தெரியுமா? விசாகா தீர்ப்பு சொன்ன அதே வர்மா. குழு 29 நாளில் அறிக்கை கொடுத்தது. அடுத்த சில மாதங்களில், பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான சட்டத்துக்கு, நாம போஷ் சட்டம்னு சொல்றோமே அதுக்கு, குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். தேதி 2013 ஏப்ரல் 22. வர்மா இறந்ததும் அதே நாள்.

விசாகா தீர்ப்பிலிருந்து அந்தச் சட்டம் வர 16 வருஷம் ஆகியிருக்கு. பிறந்த வருஷம் தீர்ப்பு வந்த ஒரு பொண்ணு பிளஸ் ஒன் போற வரைக்கும்.

போஷ் சட்டம் கல்வி நிலையங்களையும் பணியிடம் என்ற வரையறைக்குள் கொண்டுவந்தது. அதன்மேல் யுஜிசி தனியாக விதிமுறைகள் போட்டு 2016 மே மாதம் அரசிதழில் வெளியிட்டது. நீங்க தெரிஞ்சு வச்சுக்க வேண்டியது இதுதான். புகாரில் மாணவர்கள் சம்பந்தப்பட்டிருந்தால், குழுவில் மூன்று மாணவர் பிரதிநிதிகள் இருக்கணும், அவங்களைத் தேர்ந்தெடுக்கணும். துணைவேந்தர், பதிவாளர், டீன், துறைத் தலைவர் மாதிரி பதவியில் இருப்பவர்கள் குழுவில் இருக்கக் கூடாது. சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்கணும், கொடுக்க முடியாத காரணம் இருந்தால் குழு கூடுதல் நேரம் தரலாம். விசாரணை 90 நாளில் முடியணும். விசாரணை நடக்கும்போதே, குற்றம் சாட்டப்பட்ட ஆசிரியர் உங்க பேப்பரைத் திருத்தக் கூடாதுன்னு கேட்கலாம், லீவு கேட்கலாம். வகுப்பறை மட்டும் வளாகம் இல்லை. ஹாஸ்டல், காலேஜ் பஸ், இன்டர்ன்ஷிப், டூர், கல்ச்சுரல்ஸ் எல்லாம் அதுக்குள்ள வரும். ஆண் மாணவர்களும் மூன்றாம் பாலின மாணவர்களும் பாதிக்கப்படலாம் என்பதையும் அந்த விதிமுறை ஒப்புக்கொள்கிறது.

ஒரு விஷயம் கவனிங்க. ஃபர்ஸ்ட் இயர்ல நிறைய பேருக்கு 17 வயசுதான். 18-க்குக் கீழே இருந்தால் போக்சோ சட்டம். தெரிந்தவர் போலீசில் சொல்லியே ஆகணும். காலேஜ் குழுவுக்குள்ளேயே பேசி முடிக்க யாருக்கும் அதிகாரம் இல்லை.

பேப்பரின் அடியில் "புகார் விவரங்கள் ரகசியமாக வைக்கப்படும்"னு ஒரு வரி இருக்கும். அது இன்னும் பழைய கதை. மகாராஷ்டிராவில் ஒரு பழங்குடிச் சிறுமியைக் காவல் நிலையத்தில் வன்கொடுமை செய்ததாகத் தண்டிக்கப்பட்ட இரண்டு போலீஸ்காரர்களை உச்ச நீதிமன்றம் விடுவித்தது. 1979-ல் நான்கு சட்ட ஆசிரியர்கள் தலைமை நீதிபதிக்கு வெளிப்படையாக ஒரு கடிதம் எழுதினார்கள். அதைத் தொடர்ந்த போராட்டங்களால் 1983-ல் சட்டம் திருத்தப்பட்டது. பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது குற்றமானது. அந்த வாக்குறுதி எவ்வளவு லேசா உடையும்னு 2024 டிசம்பரில் சென்னையிலேயே பார்த்தோம். அண்ணா பல்கலைக்கழக மாணவி கொடுத்த புகாரின் எஃப்ஐஆர் இணையத்தில் பரவியது. உயர் நீதிமன்றம் மூன்று பெண் ஐபிஎஸ் அதிகாரிகள் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது, மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும் உத்தரவிட்டது. அடுத்த ஆண்டு குற்றவாளிக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது.

இதுவரைக்கும் பேப்பரில் இருக்கிற வரிகள். இனி, இல்லாத வரி.

எங்க கிளாஸ்ல ஒரு பொண்ணு. பெயர், ஊர் எதுவும் சொல்லப் போறதில்லை. கோடை வெயில்லயும் முழுக்கை சுடிதார். ரெண்டு வாரம் வரமாட்டா, கேட்டா காய்ச்சல்னு சொல்லுவா. ஒரு நாள் கேன்டீன்ல, "அப்பா போனை உடைச்சிட்டாருடி"ன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னா. நாங்களும் சிரிச்சோம். ஆறாவது செமஸ்டருக்கு அவ வரவே இல்லை. கல்யாணம் ஆகிடுச்சுன்னு கேள்விப்பட்டோம்.

அன்னிக்கு நான் அந்த போர்டைப் படிச்சிருந்தாலும் அவளுக்கு எதுவும் கிடைச்சிருக்காது. ஏன்னா இந்த வரலாறு முழுக்கப் பணியிடம் வழியா வந்தது. வேலை செய்யும் பெண்ணுக்காக எழுதினதை மாணவிக்கும் நீட்டினாங்க. அதனால வளாகத்துக்குள்ள நடந்தால் குழு இருக்கு. வீட்டுல நடந்தால், அது "குடும்ப விஷயம்".

ஆனால் சட்டத்துக்கு அது குடும்ப விஷயம் இல்லை. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-ல் நிறைவேறி, 2006 அக்டோபர் 26 அன்று நடைமுறைக்கு வந்தது. பெரும்பாலானவர்கள் இதை மனைவிக்கான சட்டம்னு நினைக்கிறாங்க. மகளுக்கும் இது பொருந்தும், தங்கைக்கும் பொருந்தும். அடிப்பது மட்டும் வன்முறை இல்லை. அவமானப்படுத்துவது, பணத்தை நிறுத்துவதுகூட அதற்குள் வரும். முதலில் வயது வந்த ஆண்மேல்தான் புகார் கொடுக்கலாம்னு இருந்தது, 2016-ல் உச்ச நீதிமன்றம் அந்த வார்த்தைகளை நீக்கியது. இலவச சட்ட உதவி உண்டு. வீட்டை விட்டுத் துரத்தக் கூடாதுன்னு உத்தரவு கேட்கலாம்.

இந்தச் சட்டத்தின் விதிகளோடு ஒரு படிவம் இருக்கு. புகாரைப் பதிவு செய்கிற பாதுகாப்பு அலுவலர் நிரப்புவது. தமிழ்நாட்டில் அவர் சமூக நலத்துறையில், மாவட்ட அளவில் இருப்பார். அந்தப் படிவத்தில் வன்முறை வகைகள் வரிசையா அச்சடிச்சிருக்கும், எது நடந்ததோ அதைக் குறிக்கணும். இந்த எபிசோடுக்காகப் படிக்கும்போது ஒரு இடத்தில் நின்னுட்டேன். பள்ளிக்கோ கல்லூரிக்கோ போகவிடாமல் செய்தல். வீட்டை விட்டு வெளியே போகவிடாமல் தடுத்தல். விருப்பத்துக்கு மாறாகத் திருமணம் செய்ய வற்புறுத்தல்.

நாங்க கேன்டீன்ல சிரிச்சுக்கிட்டிருந்தப்போ, அவளோட நிலைமை ஒரு அரசாங்கப் படிவத்தில் பத்து வருஷமா அச்சுல இருந்திருக்கு.

இன்னொன்னு. அந்தச் சட்டத்தின் 4-வது பிரிவுப்படி, பாதிக்கப்பட்டவர்தான் தகவல் சொல்லணும்னு இல்லை. வன்முறை நடக்குதுன்னு நம்பக் காரணம் உள்ள யாரும் பாதுகாப்பு அலுவலரிடம் சொல்லலாம். நல்லெண்ணத்தில் சொன்னவர்மேல் வழக்கு வராது. ஃப்ரெண்ட் சொல்லலாம், ஹாஸ்டல் வார்டன் சொல்லலாம். ஆனா முதல்ல அவகிட்ட கேளுங்க. எப்போ, எப்படிச் சொன்னா அவளுக்கு ஆபத்து இல்லைன்னு அவளுக்குத்தான் தெரியும்.

பசங்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது, அது உண்மை. அடிப்பது யாரை அடிச்சாலும் குற்றம்தான், போலீசுக்குப் போகலாம். 18-க்குக் கீழேன்னா 1098.

எண்களைக் குறிச்சுக்கோங்க. உடனடி ஆபத்துன்னா 112. பெண்களுக்கு 181, அங்கிருந்தே பக்கத்தில் உள்ள ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கு வழி கேட்கலாம். யார்கிட்டயாவது மனசு விட்டுப் பேசணும்னா 14416. பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவருக்கு உடனடி சிகிச்சையை அரசு, தனியார் எந்த மருத்துவமனையும் இலவசமாகத் தரணும். எஃப்ஐஆர் கொண்டு வான்னு திருப்பி அனுப்பக் கூடாது.

நாளைக்கு காலேஜ் போனா அந்த போர்டு முன்னாடி ரெண்டு நிமிஷம் நில்லுங்க. மாணவர் பிரதிநிதி பெயர் இருக்கா, அவங்களைத் தேர்ந்தெடுத்தாங்களான்னு கேளுங்க. அப்புறம் உங்க மாவட்டப் பாதுகாப்பு அலுவலரோட நம்பரையும் அதுக்குக் கீழே சேர்க்கச் சொல்லிக் குழுவுக்கு ஒரு லெட்டர் கொடுங்க. ஒரு வரிதான்.

அடுத்த எபிசோடில் பார்ப்போம். பத்திரமா இருங்க.