ஏரிக்கரைச் சேவகம்

திருவள்ளூரும் பொன்னேரியும் கும்மிடிப்பூண்டியும் செங்கற்பட்டு ஜில்லாவின் அங்கங்களாயிருந்த காலத்தில், ஒரு குடியானவனுடைய வாழ்வு குடும்பம், தோட்டம், ஊர்ப்பணி என்று தனித்தனியே பிரிந்து கிடந்ததில்லை. மூன்றையும் ஏரி ஒன்றே பிணைத்திருந்தது. கோடையில் நீர் வற்றியதும், தகப்பன் மேடாக்கிய கரையையே மகனும் மேடாக்க, வீட்டுக்கொருவர் வீதம் மண்வெட்டியும் கூடையுமாக இறங்கி, மதகுக்கு எதிரே படிந்த வண்டலை வெட்டி, கரையின் உடைவுகளை அடைத்து, எஞ்சியதைக் கத்தரிப் பாத்திக்கும் நெல்வயலுக்கும் எருவாகச் சுமந்து போனார்கள். கூலி கிடையாது, ஊர்க்கட்டுப்பாடு உண்டு. அக்கட்டுப்பாட்டில் ஜாதியின் பலவந்தமும் கலந்திருந்ததை மறைப்பதற்கில்லை.

குடிமராமத்து எனப்பட்ட இந்த வழக்கத்தைக் காக்கவென்று வந்த 1858-ஆம் வருஷத்துச் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம், வேலைக்கு வராதவனிடம் அவ்வுழைப்பின் மதிப்பைப்போல் இரட்டிப்புத் தொகை வசூலிக்க வழிசெய்தது. தர்ம காரியத்தைத் தண்டத்தால் நடத்தப் புகுந்தது விசித்திரந்தான்! ஏரியின் அந்தப் பிணைப்பும் பின்னால் தளர்ந்தது: 1944-இல் பூண்டி நீர்த்தேக்கம் எழுந்து, கொசஸ்தலையாற்று நீர் சென்னையின் தாகத்துக்குத் திரும்பிற்று. பின்னர் கும்மிடிப்பூண்டியில் சிப்காட் தொழிற்பேட்டையின் ஆலைகள் வந்தன. நலிந்துபோன குடிமராமத்தை 2017-இல் அரசாங்கமே மீண்டும் தொடங்கிற்று. இம்முறை செலவில் பெரும்பங்கு கஜானாவினுடையது.