தீப்பெட்டிப் படங்கள்

மருமகள் சின்னதாகக் குழந்தைகள் துணிக்கடை போடுகிறாள். பத்துக்குப் பன்னிரண்டு அடி இடம். "பழைய காலத்துக் கடை மாதிரி இருக்கணும் மாமா. ஆனா 10,000 ரூபாய்க்கு மேல முடியாது" என்றாள். அலங்கார வேலைக்காரர் காட்டிய படங்களில் எல்லாம் அமெரிக்கக் கார்கள்! நம்மூரில் எந்தப் பிள்ளை அதைப் பார்த்து வளர்ந்தது?

பரணிலிருந்து டிரங்குப் பெட்டியை இறக்கினேன். நானும் தம்பியும் நோட்டு நிறைய ஒட்டிவைத்த தீப்பெட்டிப் படங்கள். மயில், மான், சேவல், கிளி.

1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியிலிருந்து கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். பெட்டிக்கு லேபிள் வேண்டுமே? அந்தத் தேவைதான் ஊருக்குள் அச்சுத் தொழிலை வளர்த்தது. எழுத்துத் தெரியாதவரும் "மயில் பெட்டி கொடு" என்று கேட்டு வாங்கலாம். அதனால்தான் அழுத்தமான சிவப்பு, மஞ்சள், நடுவில் ஒற்றை உருவம். பிறகு காலண்டர்கள் வந்தன. 1972இல் முத்து காமிக்ஸும் அந்த ஊரிலிருந்துதான் வந்தது.

"நோட்டுல இருக்கறதையே பிரிச்சு ஒட்டிடலாமே மாமா?" என்றாள். தம்பி போய் நான்கு வருஷம். எனக்கு மனசு வரவில்லை. பெரிதாக்கிக் கலர் ஜெராக்ஸ் எடுத்து, பழைய ஜன்னல் சட்டங்களில் பொருத்தி மாட்டினோம். மளிகைக் கடையில் ஒதுக்கிப்போட்ட மிட்டாய் ஜாடிகளில் குட்டி சாக்ஸ். செலவு 8,000 ரூபாயைத் தாண்டவில்லை.

மயில் மட்டும் ஒரிஜினல். தம்பி என்னிடம் கோலியில் தோற்றது அது. கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கிறோம்.